எந்த வைத்தியரிடம் போவது?

உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி

காய்ச்சல் வந்தால் எங்கே போவது, பல்வலிக்கு எங்கே போவது, கை முறிந்தால் எங்கே போவது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றின் பேச்சு குழறத் தொடங்குகிறது, அழகாக எழுதியவளின் எழுத்து கோணலாகிறது, கை நடுங்குகிறது, காரணமில்லாமல் அழுகிறாள் என்றால் யாரிடம் கொண்டுபோவது? இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் எட்டு விதமாகப் பதில் சொன்னார்கள். அந்த எட்டிலும் கண் வைத்தியர் என்ற பதில் இருக்கவில்லை.

நான் எழுதப்போவது வில்சன் நோய் பற்றி. மூளையின் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும் நோய்கள் பல இருக்கின்றன. அல்சைமர், பார்க்கின்சன் ஆகியவற்றின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவை பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருபவை. ஹன்டிங்டன் நோய், பரம்பரையாக வரும் அட்டாக்சியா வகைகள் போன்றவை அபூர்வமானவை. வில்சன் நோயும் அபூர்வமானதுதான். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருவதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை 2 கோடி 20 இலட்சம் மக்கள் வாழும் எமது நாட்டுக்குப் போட்டுப் பார்த்தால் 700 பேருக்குமேல் வரும். இது நான் கொப்பியில் போட்டுப் பார்த்த கணக்கு மட்டுமே, யாரும் எண்ணிப் பார்த்த தொகை அல்ல. ஆனாலும் 700 பேர் என்றால் எங்கள் கல்லூரியின் காலைக் கூட்டத்தில் நிற்கும் மாணவிகளில் பெரும்பகுதி.

மற்ற அபூர்வ மூளை நோய்களிலிருந்து இது இரண்டு விதத்தில் வேறுபடுகிறது. ஒன்று, இது இளம் வயதுக்காரரைப் பிடிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் அறிகுறிகள் தொடங்குகின்றன. மற்றது, இதற்கு மருந்து இருக்கிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் படிக்கலாம், தொழில் செய்யலாம், திருமணம் முடித்துப் பிள்ளை பெறலாம். பிந்திக் கண்டுபிடித்தால் அழிந்துபோன மூளைக் கலங்களை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது. ஆகவே எந்த வைத்தியரிடம் போவது என்ற கேள்வியில் மாதங்கள் வீணாவது இந்த நோயில் பெரிய விடயம்.

நோய் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். நாம் உண்ணும் உணவில் செப்பு மிகச் சிறிய அளவில் இருக்கிறது. உடலுக்கு அது தேவை. தேவைக்கு மேலதிகமானதை ஈரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது மலத்துடன் வெளியேறுகிறது. இந்த வேலையைச் செய்வதற்கு ஈரல் கலங்களில் ஒரு புரதம் இருக்கிறது. 13ஆவது நிறமூர்த்தத்திலுள்ள ஏ.டி.பி.7பி. என்ற பரம்பரையலகுதான் அந்தப் புரதத்தை ஆக்குவதற்கான கட்டளையைக் கொண்டுள்ளது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் பழுதானால் செப்பு வெளியேற வழியில்லை. அது முதலில் ஈரலில் சேர்கிறது. ஈரல் கொள்ளாத அளவுக்கு வந்ததும் குருதியில் கசிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. மூளையின் ஆழத்தில் எமது அசைவுகளைச் சீராக வைத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. செப்பு அங்கே சேரும்போதுதான் நடுக்கமும் பேச்சுக் குழறலும் கை கால் இறுக்கமும் தோன்றுகின்றன.

சிலருக்கு முதலில் ஈரல் பாதிக்கப்படும். கண் மஞ்சளாகி, "செங்கமாரி" என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். சிலருக்கு முதலில் மூளை. இன்னும் சிலருக்கு முதலில் மனம்: கோபம், அழுகை, படிப்பில் திடீர் வீழ்ச்சி, பழக்கத்தில் மாற்றம். ஒரே நோயாளி ஈரல் வைத்தியரிடம் போனால் ஈரல் நோயாளி, மனநல வைத்தியரிடம் போனால் மனநோயாளி, பாடசாலைக்குப் போனால் சோம்பேறி மாணவி. ஒவ்வொருவரும் தங்களுக்கு முன்னால் இருக்கும் ஒரு துண்டை மட்டும் பார்க்கிறார்கள்.

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே அப்படித்தான் நடந்திருக்கிறது. 1902இல் கைசர் என்ற ஜேர்மன் கண் வைத்தியர், வேறொரு நரம்பு நோய் என்று நினைக்கப்பட்ட ஒருவரின் கண்ணில் பச்சை கலந்த பழுப்பு நிற வளையம் ஒன்றைக் கண்டு எழுதினார். அடுத்த வருடம் ஃபிளைஷர் என்ற இன்னொரு ஜேர்மன் கண் வைத்தியரும் அதையே கண்டார். 1912இல் லண்டனில் பணியாற்றிய சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் வைத்தியர், குடும்பங்களில் வரும் ஒரு நோயில் மூளையும் ஈரலும் ஒன்றாகக் கெடுவதை விரிவாக விளக்கினார். நோய்க்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குக் காரணம் செப்பு என்பது அவருக்குத் தெரியாது. இறந்த நோயாளிகளின் மூளையிலும் ஈரலிலும் செப்பு அளவுக்கு மீறி இருப்பதைக் கமிங்ஸ் என்பவர் 1948இல்தான் காட்டினார். கண்ணில் ஒருவர் கண்டது, மூளையில் ஒருவர் கண்டது, இரசாயனத்தில் ஒருவர் கண்டது எல்லாம் ஒன்று சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்தது. அதுவரை இந்நோய் வந்தவர்கள் எல்லோரும் இறந்தார்கள். 1956இல் ஜோன் வோல்ஷ் என்ற ஆங்கில வைத்தியர் பெனிசிலமைன் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். நோயாளிக்குக் கொடுக்குமுன் அவர் தானே அதை விழுங்கிப் பார்த்தாராம். பரம்பரையலகு அடையாளம் காணப்பட்டது 1993இல்.

எனது மாமியின் மூத்த மகளுக்கு, அதாவது எனக்கு ராத்தா முறையானவருக்கு, இந்த நோய் இருக்கிறது. அவரிடமும் மாமியிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனால் பேரைப் போடாதே" என்றார் ராத்தா. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் அவருடைய எழுத்து மாறியது. முன்பு அச்சடித்ததுபோல் எழுதுவார். ஆசிரியைமார் கவனயீனம் என்றார்கள். பிறகு வாயில் எச்சில் வடியத் தொடங்கியது. வகுப்பில் சிரித்தார்கள். அவர் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்றார். போன் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டது என்றார் மாமா. கண்ணூறு என்றார் மூத்தம்மா. தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், பரிகாரியிடம் எண்ணெய் வாங்கிப் பூசினார்கள். மனநோய்க்கென்று குளிசை எடுத்தபோது கை கால் இன்னும் இறுகியது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் வில்சன் நோயாளிகளின் அசைவுகளை மேலும் மோசமாக்கக்கூடியவை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். நோயே என்னவென்று தெரியாதபோது குளிசை கொடுத்த வைத்தியரை நான் எப்படிக் குறை சொல்வது?

கடைசியில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் வார்ட்டில் பயிற்சிபெறும் இளம் பெண் வைத்தியர் ஒருவர், "இவருடைய கண்ணை யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டார். கண்ணில் குறை எதுவும் இல்லையே என்று மாமி சொன்னாராம். அடுத்த நாள் கண் பிரிவில் ஒரு கருவியின் முன்னால் நாடியை வைத்து உட்காரச் சொன்னார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் அறிகுறியிலிருந்து அந்த ஐந்து நிமிடத்துக்கு வருவதற்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன.

அந்தக் கருவிக்கு ஸ்லிட் லாம்ப் என்று பெயர். மெல்லிய கீற்றாக ஒளியைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது. கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலத்தின் ஓரத்தில் செப்புப் படிந்திருந்தால் அது பொன் கலந்த பழுப்பு வளையமாகத் தெரியும். கைசர், ஃபிளைஷர் இருவரின் பெயராலும் அந்த வளையம் அழைக்கப்படுகிறது. நீலக் கண்ணுள்ளவர்களுக்கு வெறும் கண்ணாலேயே தெரியக்கூடும். எங்களைப் போல் கருவிழி கறுப்பாக இருப்பவர்களுக்குக் கருவி இல்லாமல் தெரிவது கடினம். நரம்பு அறிகுறிகள் வந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த வளையம் இருக்கும். ஈரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்காது. எனவே வளையம் இல்லை என்பதை வைத்து மட்டும் நோய் இல்லை என்று முடிவு கட்டமுடியாது.

கண்ணோடு சேர்த்து இரண்டு சோதனைகள் முக்கியம். குருதியில் செருலோபிளாஸ்மின் என்ற செப்பைச் சுமக்கும் புரதத்தின் அளவைப் பார்ப்பது ஒன்று. வில்சன் நோயாளிகளில் இது வழமையாகக் குறைந்திருக்கும். ஆனால் உடலில் கிருமித்தொற்று, வீக்கம் இருக்கும்போதும் கர்ப்ப காலத்திலும் இதன் அளவு கூடும் என்பதால் சில நோயாளிகளுக்குச் சாதாரணமாகக் காட்டிவிடும். மற்றது 24 மணித்தியாலச் சிறுநீரை முழுவதுமாகச் சேர்த்து அதிலுள்ள செப்பை அளப்பது. 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிள்ளைகளில் 40ஐத் தாண்டினாலே கவனிப்பார்கள். சிறுநீர் சேர்க்கும் போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே வாங்க வேண்டும். வீட்டிலுள்ள போத்தலில் செப்புத் துகள் ஒட்டியிருந்தால் கணக்கே பிழைத்துவிடும். ஒரு தடவை கழிப்பறையில் போய்விட்டாலும் அன்றைய சேகரிப்பு பயனற்றது. மாமி வீட்டில் இதற்காகவே ஒரு நாள் முழுக்க யாரும் வெளியே போகவில்லை! மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உதவும். இவற்றாலும் தெளிவு வராவிட்டால் ஈரலில் ஊசி போட்டு எடுக்கும் சிறு துண்டில் செப்பை அளப்பதும் பரம்பரையலகுச் சோதனையும் இருக்கின்றன.

இத்தனை சோதனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து முடிவு சொல்பவரே எமக்குத் தேவையான நிபுணர். மூளையில் அறிகுறி தொடங்கினால் அவர் நரம்பியல் வைத்திய நிபுணர். ஈரலில் தொடங்கினால் ஈரல் நோய் நிபுணர். யார் முன்னால் நின்றாலும் மற்றவர் துணைக்கு வேண்டும். கண் வைத்தியர் வருடா வருடம் வளையத்தைப் பார்ப்பார். வளையம் மங்குவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. பேச்சுப் பயிற்சியாளரும் இயன்மருத்துவரும் நாக்கையும் விரலையும் மறுபடி பழக்குவார்கள். மனநல வைத்தியரும் வேண்டும். இதைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம், ஆனால் பதினாறு வயதில் தன்னுடைய பெயரையே ஒழுங்காகச் சொல்ல முடியாமல்போன ஒரு பிள்ளையின் மனம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கையில் இந்த நிபுணர்களை அடைவது எப்படி? அரசாங்க வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக்குக்கு நேரே போய் உட்கார முடியாது. வெளிநோயாளர் பிரிவிலோ ஊர் வைத்தியரிடமோ கடிதம் எடுக்கவேண்டும். பொது வைத்திய நிபுணர் பார்த்து நரம்பியல் நிபுணருக்கு அனுப்புவது வழமையான பாதை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் நரம்பியல் பிரிவுகள் உள்ளன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கராப்பிட்டிய ஆகிய பெரிய வைத்தியசாலைகளிலும் நரம்பியல் நிபுணர்கள் கடமையாற்றுகிறார்கள். சிறு பிள்ளையென்றால் கொழும்பு ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையும் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. கண்ணுக்குக் கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை. பரம்பரை பற்றிய ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனிதப் பரம்பரையியல் பிரிவு ஒன்று 1983 முதல் இயங்குகிறது. ஈரல் முற்றாகக் கெட்டுப்போனால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யும் வசதி ராகம போதனா வைத்தியசாலையில் உண்டு. புதிய ஈரலில் அந்தப் பரம்பரையலகு சரியாக இருப்பதால் செப்பு வெளியேறும் பாதையும் அதோடு திறந்துவிடும்.

தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணிப் பார்ப்பது இன்னொரு வழி. அரசாங்கத்தில் வேலை செய்யும் அதே நிபுணரே மாலையில் அங்கே இருப்பார். கையில் பெருந்தொகைப் பணம் இல்லாதவர்களும் ஒரு தடவை சனல் பண்ணி, நோயின் விபரத்தைச் சொல்லி, பின்னர் அவருடைய அரசாங்கக் கிளினிக்கில் சேர்ந்துகொள்கிறார்கள். மாமி வீட்டாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் உண்மையில் வைத்தியரா என்ற சந்தேகம் வந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். "நரம்புக்கு நல்லவர்" என்று ஊரில் பெயரெடுத்திருப்பது வேறு, நரம்பியலில் தனியாகப் பயிற்சிபெற்று நிபுணராவது வேறு.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. துஆக் கேட்பதற்கும் கிளினிக்குக்குப் போவதற்கும் எந்தப் பகையும் இல்லை. ராத்தாவுக்கு ஓதிய ஹஸ்ரத்தே இரண்டாம் தடவை போனபோது, "இது எனது வேலை இல்லை போலிருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றாராம். அந்தப் பேச்சைக் கேட்டுப் புறப்படாமல் வேறு ஆளைத் தேடிப் போனதில்தான் நான்கு மாதம் போனது.

நிபுணரைச் சந்திக்கும் நேரம் மிகக் குறுகியது. கிளினிக் நாளில் வெளியே நூறு பேர் இருப்பார்கள். உள்ளே போனதும் பதற்றத்தில் பாதி மறந்துவிடும். எங்களைப் போன்ற தமிழ் பேசும் குடும்பங்களுக்குச் சிங்களமோ ஆங்கிலமோ பேசும் வைத்தியரிடம் நுணுக்கமாகச் சொல்வது இன்னும் கடினம். இந்த இடத்தில் படிக்கின்ற பிள்ளைகளாகிய நாம் வீட்டாருக்கு உதவலாம். ராத்தாவின் விபரங்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான். எந்த மாதம் எழுத்து மாறியது, எப்போது எச்சில் வடிந்தது, எந்தெந்தக் குளிசை எடுத்தார், எதை எடுத்தபோது கூடியது என்று மாதக் கணக்கில் எழுதினோம். பரிகாரி தந்ததையும் மறைக்காமல் எழுதினோம். அவருடைய ஒன்பதாம் வகுப்புக் கொப்பி ஒன்றையும் பதினோராம் வகுப்புக் கொப்பி ஒன்றையும் கொண்டுபோனோம். நிபுணர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கை நடுக்கத்தைப் போனில் படம்பிடித்துக் காட்டுவதும் நல்லது. சில அசைவுகள் வைத்தியரின் முன்னால் வராது, வீட்டில் சோற்றுக் கோப்பையைத் தூக்கும்போதுதான் வரும்.

குடும்ப மரம் ஒன்றும் வரைந்து கொண்டுபோங்கள். மூன்று தலைமுறை போதும். யார் யாரைக் கலியாணம் முடித்தார், யார் இளவயதில் மௌத்தானார், செங்கமாரியில் போனவர் யாரும் உண்டா, கை நடுங்கியவர் யாரும் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். மூத்தம்மாவிடம் கேட்டபோதுதான் அவருடைய தம்பி ஒருவர் இருபது வயதில் வயிறு வீங்கிப் போனார் என்ற கதையே எங்களுக்குத் தெரிய வந்தது. அது இதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்லமுடியாது. ஆனாலும் நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்.

நோயின் பெயர் இன்னும் தெரியாத நிலையில், "இது மூளை தேயும் நோய், ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லப்பட்டால் ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்கலாம்: "டொக்டர், இதே மாதிரி அறிகுறி காட்டுகிற, மருந்துள்ள நோய் ஏதும் இருக்குமா? அவையெல்லாம் இல்லை என்று பார்த்தாகிவிட்டதா?" நல்ல வைத்தியர் இதற்குக் கோபப்படமாட்டார். இளவயதில் நடுக்கமும் குழறலும் வந்த எவருக்கும் வில்சன் நோயைப் பார்க்கவேண்டும் என்பது நரம்பியல் படித்தவர்களுக்குப் பழகிய பாடம். மருந்தில்லாத நோயாகவே முடிந்தாலும் நிபுணரைத் தேடியது வீணாகாது. விழுங்குவதில் சிரமம் வராமல் எப்படி உணவு கொடுப்பது, விழாமல் எப்படி நடப்பது, கூடப்பிறந்தவர்களுக்கும் வருமா என்பதையெல்லாம் அவரால்தான் சொல்லமுடியும்.

சிலர் உடனே இந்தியாவுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். மாமியும் நகையை விற்கும் யோசனையில் இருந்தார். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் மூன்று தசாப்தங்களில் தான் பார்த்த 282 வில்சன் நோயாளிகளின் விபரங்களை 2007இல் வெளியிட்டது. அபூர்வ நோயில் இந்த எண்ணிக்கை பெரியது. அதிகம் பேரைப் பார்த்தவருக்கே அதிகம் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் கண் பரிசோதனையும் குருதிச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் இங்கேயே செய்யக்கூடியவை. அவற்றைச் செய்யாமல் விமானம் ஏறுவது எனக்கு அவசரமாகவே படுகிறது. இங்கு செய்தும் தெளிவு வராவிட்டால், எல்லா அறிக்கைகளின் பிரதிகளுடனும் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பது வேறு விடயம். டயக்னோசிஸ் கார்டையும் ஸ்கேன் படங்களையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தால் எங்கே போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

இனி வீட்டுக்குள் பேசப்படாத விடயத்துக்கு வருகிறேன். மாமாவும் மாமியும் மச்சான் மச்சி முறையானவர்கள். எங்கள் சமூகத்தில் இது சாதாரணம். இந்த நோய் பின்னிடைவான பரம்பரை வகையைச் சேர்ந்தது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் காவி. அவருக்கு எந்த நோயும் வராது. ஏறக்குறைய 90 பேரில் ஒருவர் காவியாக இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு காவிகள் திருமணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவினர்கள் ஒரே முன்னோரிடமிருந்து அதே பழுதைப் பெற்றிருக்கக்கூடும் என்பதால் உறவுத் திருமணத்தில் வாய்ப்புக் கூடுகிறது. அதற்காக உறவில் முடித்த எல்லோருக்கும் நோயாளிப் பிள்ளைகள் பிறப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே இருக்கிறார்கள். உறவே இல்லாத பெற்றோருக்கும் வில்சன் நோயுள்ள பிள்ளைகள் பிறக்கின்றன. "உங்களால்தான்" என்று மாமியைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் புனெற் சதுரம் கீறியே காட்டியிருக்கிறேன். பழுது இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோய் வரும், உம்மாவை மட்டும் குற்றம் சொல்ல அந்தச் சதுரத்தில் இடமே கிடையாது.

நான்கில் ஒன்று என்பதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் மற்ற மூவரும் தப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக அதே நான்கில் ஒன்றுதான். ஆகவே ஒருவருக்கு நோய் உறுதியானால் கூடப்பிறந்த எல்லோரையும் பரிசோதிக்கவேண்டும். சுகமாக விளையாடித் திரிகிற பிள்ளையையும்தான். பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். கலியாணம் பேசும்போது தெரிந்துவிடுமே என்ற பயம். மாமி வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. நிபுணர் விடவில்லை. மூன்று பிள்ளைகளையும் கொண்டுவரச் சொன்னார். தங்கைகள் இருவருக்கும் ஒன்றுமில்லை. பதினொரு வயதுத் தம்பிக்கு செருலோபிளாஸ்மின் மிகக் குறைவாக இருந்தது, சிறுநீரில் செப்பு அதிகம். அவன் அப்போது பாடசாலையின் கிரிக்கெட் அணியில் விளையாடிக்கொண்டிருந்தான். இப்போதும் விளையாடுகிறான். ஒவ்வொரு நாளும் நாகம் அடங்கிய மருந்து எடுக்கிறான், அவ்வளவுதான். நாகம் குடலில் செப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ராத்தாவுக்கு வந்ததை அவனுக்கு வராமல் தடுத்தது அந்த ஒரு நாள் பரிசோதனை.

ராத்தாவின் சிகிச்சை அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. பெனிசிலமைன் உடலிலுள்ள செப்பைப் பற்றிப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. தொடக்கத்தில் சில நோயாளிகளுக்கு நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகலாம். அதனால் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். ராத்தாவுக்கு மூன்றாம் வாரத்தில் பேச்சு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மருந்து பிழை, வேறு வைத்தியரைப் பார்ப்போம் என்று சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். இப்படி நடக்கக்கூடும் என்று நிபுணர் முதலிலேயே சொல்லி வைத்திருந்ததால்தான் மாமி அசையவில்லை. அன்றே கிளினிக்குக்குப் போனார்கள், அளவை மாற்றினார்கள். பெனிசிலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ட்ரையென்டீன் என்ற வேறு மருந்து உண்டு. எது யாருக்கு, எவ்வளவு என்பதை நிபுணர் மட்டுமே தீர்மானிக்கவேண்டும். குருதியையும் சிறுநீரையும் ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். ராத்தாவுக்கு எட்டு மாதத்தின் பின் எச்சில் வடிவது நின்றது. பேச்சு இப்போது விளங்குகிறது, போனில்கூடப் பேசுகிறார். எழுத்து பழையபடி வரவில்லை. வராது என்று நிபுணர் சொல்லிவிட்டார்.

மருந்து ஆயுள் முழுவதற்கும். சுகமாகிவிட்டது என்று தாமாக நிறுத்தியவர்களில் சிலர் ஈரல் திடீரென்று செயலிழந்து இறந்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலும் நிறுத்தக்கூடாது, அளவை மட்டும் வைத்தியர் மாற்றுவார். சாப்பாட்டில் முதல் வருடமாவது ஈரல், நண்டு, இறால், கஜு, காளான், சொக்லட் ஆகியவற்றை ஒதுக்கச் சொல்கிறார்கள். செப்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரும் வேண்டாம். பெருநாளைக்கு ஈரல் கறி இல்லாமல் இருப்பதுதான் தம்பிக்குப் பெரிய சோதனை.

பெனிசிலமைனை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ எடுக்கவேண்டும். ஒரு நாளில் பல தடவை எடுப்பவர்களுக்கு ரமழானில் இது சிக்கலாகும். நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் குளிசை நேரங்களை எப்படி மாற்றுவது என்பதை ஷஃபான் மாதக் கிளினிக்கிலேயே நிபுணரிடம் கேட்டு, அவர் சொல்வதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மாமி வீட்டில் சென்ற முறை அப்படித்தான் செய்தார்கள்.